பாட்டனார் பிரடரிக் டக்ளஸ்

அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை அறுபட்ட செய்தி கண்டு உள்ளம் நெகிழ்ந்த மகாத்மா ஜோதிராவ் பூலே, 1873-இல் தாம் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அத்தளையை அறுக்கப் பாடுபட்ட அந்நாட்டு நன்மக்களுக்கே உரிமையாக்கினார். அவ்வாறு பாடுபட்டோருள் தலையாய ஒருவர், தாமே அடிமையாய்ப் பிறந்து வளர்ந்த பிரடரிக் டக்ளஸ் ஆவார். மேடை முழக்கத்தால் அவரை உலகம் அறியும். கைத்தொழிலாளராகவும், ஓயாது கற்றவராகவும், பேரப்பிள்ளைகள் சூழ வாழ்ந்த பாட்டனாராகவும் விளங்கிய டக்ளஸை நம் சங்கத்து இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் 1818-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். பிறந்த நாள் எதுவென்று அவருக்கே தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்? தாயோ தொலைவில் வேறொரு பண்ணையில் உழைத்தார். குழந்தையை வளர்த்தவர் பாட்டி பெட்சி பெய்லி. மீன்வலை பின்னுவதிலும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடுவதிலும் கைதேர்ந்தவர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றவர் அவர். பையனுக்கு ஆறு வயதானபோது, எசமானரின் ஆணைப்படி அவனைப் பன்னிரண்டு மைல் நடத்திச் சென்று பெரும்பண்ணையில் விட்டுவிட்டு, அவன் அறியாவண்ணம் திரும்பினார் அம்மூதாட்டி. அன்று தரையில் விழுந்து அழுத அழுகையை டக்ளஸ் முதுமையிலும் மறந்தாரில்லை.

பின்னர்ப் பால்ட்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி அவருக்கு அரிச்சுவடி கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அறிந்து தடுத்துவிட்டார். படிப்பறிந்தவன் அடிமைத்தொழிலுக்கு ஆகான் என்பது அவர் கருத்து. தடுத்தவர் வாயாலேயே விடுதலைக்கு வழி எதுவென்று சிறுவன் தெரிந்துகொண்டான். அதன்பின் அவன் கற்ற விதம் வியப்புக்குரியது. கடைக்குச் செல்லும்போது ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சென்று, பசித்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, மாற்றாகச் சொற்களை வாங்கிவந்தான். எழுதக் கற்ற இடமோ கப்பல் கட்டும் துறை. தச்சர்கள் மரக்கட்டையைச் செதுக்கி, அது கப்பலின் எப்பக்கத்துக்கு உரியதோ அதற்கேற்ற எழுத்தை அதன்மேல் பொறிப்பர். அவ்வெழுத்துகளைச் சுண்ணக்கட்டியால் படியெழுதிப் பார்த்தே அவன் எழுதப் பழகினான். எசமானர் மகன் எழுதி எறிந்த ஏடுகளின் வெற்றிடங்கள் அவனுக்குக் கையெழுத்துப் பயிற்சி ஏடுகளாயின.

பின்னாளில் அவர் கலப்பற்றுத் தொழிலைக் கற்றார். மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துக் கீல் பூசி, நீர் புகாவண்ணம் அடைக்கும் வேலை அது. அவ்வேலையில் விரைவில் முதல்தரத் தொழிலாளரானார். ஆனால் வாரந்தோறும் ஈட்டிய கூலி எசமானர் கைக்குச் சென்றது. 1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, பிறரொருவரின் சான்றுத்தாளைக் கையில் கொண்டு வடக்கே தப்பினார். அப்பயணத்திற்குப் பொருளுதவி செய்தவர் அன்னா மர்ரே என்னும் மங்கை. அம்மாதமே இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

நியூ பெட்போர்டு என்னும் துறைமுக நகரில் குடியேறினர். அடிமைமுறை இல்லாத அந்நகரிலும், இவரோடு சேர்ந்து கலப்பற்று வேலை செய்ய வெள்ளைத் தொழிலாளர்கள் மறுத்தனர். நாளுக்கு இரண்டு டாலர் பெறத்தக்க கைகள், ஒரு டாலருக்கு விறகறுத்தன, நிலக்கரி அள்ளின. தொழில் தெரிந்தும் தொழில் மறுக்கப்படும் கொடுமையை நம் மக்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. பித்தளை வார்ப்படச் சாலையில் துருத்தி இயக்கும் வேலை கிடைத்தபோது, பக்கத்துத் தூணில் செய்தித்தாளை ஆணியடித்து மாட்டி, கை துருத்தியை இயக்கக் கண் எழுத்தில் ஓடும்படி செய்துகொண்டார்.

1845-இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். 1847-இல் ராச்செஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' என்னும் இதழைத் தொடங்கி, புதல்வர்களுக்கு அச்சுக் கோர்க்கும் தொழிலைப் பழக்கினார். மகள் ரொசெட்டாவைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அவளைத் தனியறையில் அமர்த்தவே, அவளை அங்கிருந்து விலக்கி, அந்நகரத்துப் பள்ளிகள் அனைவர்க்கும் பொதுவாகும்வரை போராடினார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. நாடெங்கும் கல்வியைப் போற்றி முழங்கிய அவருடைய மனைவி அன்னா, சரளமாகப் படிக்கக் கற்றாரில்லை. கணவர் மாதக்கணக்கில் வெளியூரில் இருக்க, காலணி தைத்தும் வீட்டைக் காத்தும் ஐந்து மக்களை ஈன்று வளர்த்தவர் அவரே. பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிவிட்டுத் தாம் கைநாட்டாகவே நின்ற தாய்மார்கள் நம்மிடையேயும் எத்துணைப் பேர்!

முதுமையில் டக்ளஸ் வாஷிங்டன் நகரின் ஒரு குன்றின்மேல் 1877-இல் வீடு வாங்கினார். அடிவாரத்துக் குடியிருப்பை வகுத்தவர், கறுப்பினத்தார்க்கு மனை விற்கலாகாதென்று விதி செய்தவர்; அவர் தமக்கெனக் கட்டிய இல்லத்திலேயே டக்ளஸ் குடிபுகுந்தார். பேரப்பிள்ளைகள் மொத்தம் 21 பேர். அவருள் பலர் இளமையிலேயே மறைந்த துயரையும் அவர் கண்டார். தாம் இழந்த பாட்டியின் குடிசையைப் பேரப்பிள்ளைகளுக்கு அம்மாளிகையில் மீட்டுத் தந்தார் எனலாம். வீடு நிறைய நூல்கள் இருந்தன. கொல்லையில் கல்லால் ஆன சிற்றறை ஒன்று. தனித்துப் படிக்கவும் எழுதவும் அங்கே செல்வார். அறிவு வேட்கையோ வயதோடு தணியவில்லை. ஏறத்தாழ எழுபது வயதில், 1887-இல், எகிப்து நாட்டுப் பெரும் பிரமிடின் உச்சிவரை ஏறினார்.

வயலின் அவருடைய நெடுநாள் ஆர்வம். மகன் சார்லசின் புதல்வன் ஜோசப்பும் அக்கருவியைக் கையிலெடுக்க, பாட்டனும் பேரனும் வீட்டில் சேர்ந்து வாசித்தனர். பேரன் வயலினுடன் நிற்க, பாட்டனார் அருகில் அமர்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் உள்ளது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய நாளில் டக்ளஸ் உரையாற்றினார். அதே நிகழ்ச்சியில் ஜோசப் வயலின் வாசித்தார்.

1895 பிப்ரவரி 20-ஆம் நாள், பெண்கள் மாநாடொன்றிற் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய டக்ளஸ் அன்று மாலையே காலமானார். ஜோசப் வயலின் கலைஞராக நாடு முழுதும் பயணம் செய்து வாசித்தார். கறுப்பின மாணவர்க்கென வளர்ந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அக்கலையைக் கற்பித்து, 1935-இல் மறைந்தார்.