தென்னிந்தியாவின் முதல் படம்... இன்று ஒரு பிரதிகூட இல்லை! யார் இந்த நடராஜ முதலியார்?

ஒளிந்து வாழும் ஹீரோக்கள், தேடி அலையும் ஒற்றர்கள், இருட்டில் ஓர் ஆள்மாறாட்டம். புது ஸ்பை த்ரில்லர் மாதிரி இருக்கா? தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்', மகாபாரதத்தின் இந்தப் பகுதியைத்தான் கையில் எடுத்தது. எடுத்தவர் ஆர்.நடராஜ முதலியார்.

யார் இவர்?

1885-ல் பிறந்தவர். சென்னையில் கார் வியாபாரம். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்ததும் சினிமா ஆசை பிடித்துக்கொண்டது. சொல்லித்தர அப்போ ஏது பள்ளிக்கூடம்? புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளரிடம் கேமரா கற்றார். திரும்பி வந்து, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார்.

ஏன் இந்தக் கதை?

பாண்டவர்கள் விராட தேசத்தில் மாறுவேடத்தில் இருக்காங்க. துரியோதனனின் ஒற்றர்களிடம் சிக்கினால் மறுபடியும் வனவாசம். அந்த நேரத்தில் திரௌபதிக்குத் தொல்லை கொடுக்கிறான் கீசகன். இருட்டில், திரௌபதி என்று நினைத்து அவன் நெருங்குவது பீமனை! செங்கல்பட்டு பக்கத்து கிராமங்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது மனப்பாடம். வசனமே இல்லாத படத்துக்கு அதைவிட வேறென்ன வேணும்?

எப்படி எடுத்தார்?

சுமார் 5 வாரம் ஷூட்டிங். கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. அதில் வடிகட்டி விழும் வெயில்தான் லைட்டிங். குளிர்ச்சியான ஊர் என்பதால் ஃபிலிம் கழுவும் லேப் பெங்களூரில். இந்தி டைட்டில் கார்டுகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. செலவு 35,000 ரூபாய். பர்மா, இலங்கை, சிங்கப்பூர் வரை ஓடி 50,000 ரூபாய் வசூலித்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

மேலும் சில புராணப் படங்கள் எடுத்தார். கூட்டாளிகளுடன் பிரச்னை வந்தது. தீ விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். 1923-ல் படத் தயாரிப்பையே விட்டுவிட்டார். அப்போது வயது 38தான்.

அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், நாளானால் பொடிந்துபோகும். அதைப் பத்திரப்படுத்தணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் கேமரா கற்ற அதே புனேயில் 1964-ல் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் திறக்கப்பட்டது. அப்போது முதலியார் உயிரோடுதான் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில்தான் காலமானார். ஆனால், அங்கே கொண்டுபோய் வைக்க 'கீசக வதம்' இல்லை.