ஈரலின் இரகசியம் கண்டவர்

ஸ்வீடன் நாட்டில் லிங்செப்பிங் என்று ஓர் ஊர். அங்கே 1903ஆம் ஆண்டு ஜூலை 6ந் தேதி, ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார் ஹியூகோ தியோரெல்.

தந்தையைப் போலவே மகனும் டாக்டருக்குப் படித்தார். 1930ல் பட்டமும் பெற்றார். ஆனால் இளம்பிள்ளை வாதம் அவருடைய காலை முடமாக்கியிருந்தது. வைத்தியத் தொழிலை விட்டார், ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

நம் உடம்பில் என்ஸைம் என்ற பொருள்கள் உண்டு. ஒரு பொருளை வேறு பொருளாக மாற்றும் வேலையாட்கள் அவை. அவற்றை ஆராய்வதிலேயே தியோரெல் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1937ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஓர் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். 1948ல் அங்கே, குதிரையின் ஈரலிலிருந்து ஓர் என்ஸைமைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். சாராயத்தை மாற்றும் என்ஸைம் அது. மனிதனின் ஈரலிலும் அது உண்டு.

இந்த வேலையாளுக்கு நல்லது கெட்டது தெரியாது. சாராயத்தில் மெதனால் கலந்திருந்தால், அதையும் மாற்றிவிடும். மெதனால் முதலில் பார்மால்டிஹைடு ஆகும். பிறகு பார்மிக் அமிலம் ஆகும். இந்த அமிலந்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரையும் பறிக்கிறது. குடித்தவனின் ஈரலே விஷத்தைத் தயாரித்துவிடுகிறது! அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை ஆபத்து வெளியே தெரியாது.

1955ல் தியோரெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதோடு அவர் ஓயவில்லை. பைரசோல் என்ற பொருள் இந்த என்ஸைமுக்குப் பூட்டுப் போடுவதை 1963ல் வெளியிட்டார். 1969ல் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களை, மனித ஈரலின் என்ஸைமோடு சேர்த்தும் சோதித்தார். அவற்றுள் ஒன்றுதான் இன்று போமெபிசோல் என்ற மருந்து. அது பூட்டிவிட்டால் மெதனால் விஷமாக மாறாது. மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல வெளியேறும். ரத்தத்தைச் சுத்திகரித்தும் அகற்றலாம்.

1982 ஆகஸ்டு 15ந் தேதி தியோரெல் மறைந்தார். மெதனால் விஷத்துக்கு இம்மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்தது 2000ஆம் ஆண்டில். அதைக் காண அவர் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. இம்மருந்து இனி உண்டாகும் விஷத்தைத் தடுக்குமே தவிர, போன கண்ணைத் திருப்பித் தராது. கள்ளச்சாராயம் குடித்தவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஈரல் வேலையை முடிக்குமுன் போய்ச் சேர்ந்தால், கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.