மறுவாழ்வின் மருத்துவர்

உயிரைக் காப்பது மருத்துவத்தின் முதற்கடமை. காக்கப்பட்ட உயிர் இனி எவ்வாறு வாழும் என்னும் வினா அதன் பின்னரே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

கொச்சியை அடுத்த செராய் என்னும் ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் வல்லுநராக வேண்டும் என்பது அவரது விருப்பம். 1954ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், உடன் பணியாற்றிய மருத்துவர்களோடு சிற்றுலா சென்றபோது அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் பெருங்காயமுற்றது, தண்டுவடம் ஊறுபட்டது, கால்கள் இயக்கமும் உணர்வும் இழந்தன. உயிர் பிழைத்தாலும், மகப்பேற்று அறையில் நின்று பணியாற்றும் கனவு கலைந்தது.

தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திவந்த பால் பிராண்ட், அவருக்குப் புதியதொரு வழியைக் காட்டினார். கைகளில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, அமர்ந்தபடியே செய்யலாம். முதுகெலும்பை உறுதிப்படுத்தும் அறுவைக்கும் கடும்பயிற்சிக்கும் பின் நிமிர்ந்து அமரக் கற்றார் மேரி. சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அங்குத் தாம் பெற்றதைத் தம் நாட்டவரும் பெற வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. நியூயார்க் சென்று, இத்துறையின் முன்னோடியான ஹோவர்டு ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்றார். தாயகம் திரும்பி, 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் இளம்பிள்ளைவாதம் நாடெங்கும் குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்தது. அந்நோயின் வைரசும் தண்டுவடத்தையே தாக்குகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. காய்ச்சல் சில நாள்களில் தணியும். சூம்பிய கால் அப்படியே நிற்கும். விபத்தாயினும் வைரசாயினும், அழிந்த நரம்பணுக்களை மீட்கும் மருந்து இல்லை. எஞ்சிய ஆற்றலை வளர்ப்பதே வழி. அதற்கு நாள்தோறும் இடைவிடாப் பயிற்சி வேண்டும்; அருகிருந்து கற்பிப்போரும் வேண்டும்.

இதனை உணர்ந்த மேரியின் முயற்சியால், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிறுவனம் 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கப்பட்டது. இத்தகைய நிறுவனம் இந்தியாவில் அமைந்தது அதுவே முதன்முறை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், படுக்கைப்புண் வராமல் காத்தல், ஊன்றுகோலோடு நடத்தல், இயன்றதொரு தொழிலைக் கற்றல் எனச் சிறுசிறு படிகளாய் அமைவது மறுவாழ்வுப் பயிற்சி. உடன் வந்த உறவினரும் அதிற் பங்கு கொள்வர். சக்கர நாற்காலியில் வந்து தம்மை நலம் விசாரிக்கும் மருத்துவரைக் கண்ட நோயாளிகளுக்கு, அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அந்நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மேரியின் கால்கள் இறுதிவரை குணமடையவில்லை. ஆயினும் அவர் மீண்டார். முடங்கிக் கிடந்த பலரும் மீண்டு, தம் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப வழிசெய்தார்.