சின்ன மருதுவும் திருச்சிராப்பள்ளி அறிக்கையும்

சிவகங்கைச் சீமையின் வரலாற்றில் அழியாப் புகழ் பெற்றவர்கள் மருதிருவர். நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பெரிய மருது 1748இலும் சின்ன மருது 1753இலும் பிறந்தனர் என்பர். மன்னர் முத்துவடுகநாதரின் பணியில் சேர்ந்த இவர்கள், 1772இல் காளையார்கோயிலில் மன்னர் வீழ்ந்தபின் அரசி வேலுநாச்சியாரோடு விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தனர். எட்டாண்டுகள் காத்திருந்து, ஐதர் அலியின் துணையோடு 1780இல் சீமையை மீட்டனர். பெரியவர் தளபதியானார், சின்னவர் பிரதானியானார்.

1795இல் சிவகங்கைப் பகுதிக்கு வந்த ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்றார். ஆறே ஆண்டுகளில் தம் ஆசானை எதிர்த்த படையில் அவரும் நின்றார். 1830இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் அந்த நட்பின் துயரம் இன்றும் ஈரம் உலராமல் இருக்கின்றது.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறுவயலில் சின்ன மருதுவிடம் தஞ்சம் அடைந்தார். தஞ்சமளித்தால் போர் வரும் என்பதை அறிந்தே சின்ன மருது இடங்கொடுத்தார். சூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது.

சம்புத்தீவின் மக்கள் அனைவரையும் சாதி, சமயம் கடந்து விளித்தது அவ்வறிக்கை. நவாபின் அறியாமையால் அயலார் காலூன்றியதையும், நம்மவரின் ஒற்றுமையின்மையால் நாடு வறுமையுற்றதையும் அது எடுத்துரைத்தது. கும்பினிப் படையிலேயே ஊதியம் பெற்ற சுபேதார், சமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரை நோக்கியும் அது பேசியது. எதிரியின் பாசறையில் நிற்கும் நம்மவனையும் தன் படைவீரனாகவே கருதி அழைத்த துணிவு இதன் தனிச்சிறப்பு.

இதனை இயற்றியவர் யார்? அடியில் காணப்படும் பெயர் மருதுபாண்டியன் என்பது. அப்பெயர் இருவருக்கும் உரியது. படைக்குத் தலைவர் பெரியவர். ஆயினும் ஆட்சிப் பொறுப்பில் மூத்தவர் தலையிடுவதில்லை, வேட்டையிலேயே நாட்டமுடையவர் என்றும், சீமையை நடத்தியவர் இளையவரே என்றும் வெல்ஷ் குறித்துள்ளார். ஆதலின் வரலாற்றறிஞர் பலர் இதனைச் சின்ன மருதுவுக்கே உரியதாக்குவது பொருத்தமானதே. இனி, அக்காலப் பாளைய அரண்மனைகளில் மடல் வரைய இராயசக்காரர் இருந்தனர். சொல்லைக் கோத்த கை அவர்களுள் ஒருவருடையதாகவும் இருந்திருக்கலாம். மேலும், நாம் இன்று படிக்கும் தமிழ், கும்பினி ஆவணங்களில் உள்ள ஆங்கில வடிவத்திலிருந்து மீண்டும் பெயர்க்கப்பட்டதே ஆகும்.

கவிஞர்களாகிய நாம் இங்குச் சற்று விழிப்புடன் இருத்தல் வேண்டும். மேடையில் நாம் முழங்கும் சொற்கள் சின்ன மருதுவின் வாய்ச்சொற்கள் அல்ல. கருத்து அவருடையது, நடை பெயர்த்தவருடையது. நிலக்கரியை எடுக்க எத்துணை மண்ணை அகற்றவேண்டும் என்பதை நெய்வேலியில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேல்மண்ணையே கரியென்று விற்பது நேர்மையாகாது. அவருக்கு அழகிய தொடர்களைக் கற்பித்துப் பெருமை சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

ஏனெனில் அவ்வறிக்கைக்கு அவர் கொடுத்த விலை ஐயத்துக்கு இடமற்றது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அதே மாதம் 24ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கேறினார். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

எழுதுகோல் பிடித்தவர் எவராயினும் ஆகுக. எதிரியின் கோட்டைச் சுவரில் தன் பெயரை ஒட்டச் செய்தவனும், அப்பெயருக்காகக் கழுத்தைக் கொடுத்தவனுமே அதன் ஆசிரியன். ஒரு படைப்பின் கீழ்க் கையொப்பமிடும் நம் ஒவ்வொருவருக்கும் அது அளவுகோலாகட்டும்.