கதர் உடையால் பட்டம் இழந்தவர் மருந்தாலையை வழிநடத்தினார்: விஞ்ஞானி சுப்பாராவின் வாழ்க்கை

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் போலிக் அமில மாத்திரை, யானைக்கால் நோய் ஒழிப்பு முகாம்களில் தரப்படும் டி.இ.சி. மாத்திரை, புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட் ஆகிய மூன்றின் வரலாறும் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கே இட்டுச் செல்கிறது. 1940களில் அதன் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தவர் அவர். மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதரால் ஆன அறுவைச் சிகிச்சை உடையை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்தியைத் தேடித் தந்தது. எழுத்துத் தேர்வில் சிறந்து விளங்கியும் எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் அளித்த பண உதவியுடன் 1923இல் பாஸ்டன் சென்றார்.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க்குடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகளின் ஆற்றல் மூலங்களான பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. எனினும் அப்பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லியில் சேர்ந்து, பின்னர் ஆராய்ச்சி இயக்குநரானார். அவரது பணியின் தன்மையே அங்கு மாறியது. ஒரு பொருளைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. டன் கணக்கில், ஒரே தரத்தில், மலிவாக உற்பத்தி செய்யவும் இயல வேண்டும்.

போலிக் அமிலம் அதற்குச் சிறந்த சான்று. பம்பாயில் கர்ப்பிணிகளைத் தாக்கிய ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை லூசி வில்ஸ் 1931இல் அறிவித்திருந்தார். அதில் இருந்த பொருள் எது என்பது தெரியவில்லை. 1941இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையைப் பதப்படுத்தியும் மிகச் சொற்ப அளவு போலிக் அமிலமே கிடைத்தது. கீரையையோ ஈரலையோ நம்பி ஊருக்கெல்லாம் மாத்திரை வழங்க இயலாது. சுப்பாராவின் குழு 1945இல் அதை வேதிமுறையில் தயாரித்துக் காட்டிய பிறகே அது மருந்துக்கடைக்கு வந்தது. அவருடைய சகோதரர் உயிரைப் பறித்த ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கும் இம்மருந்து பயன்பட்டது.

ரத்தப் புற்றுநோயிலோ இதே வைட்டமின் வேறு முகம் காட்டியது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர், லெடர்லி அனுப்பிய போலிக் அமிலச் சேர்மங்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் தீவிரமடைவதாகக் கருதினார். ஆகவே, அவ்வைட்டமினைத் தடுக்கும் அமினோப்டெரினை சுப்பாராவின் குழுவிடமிருந்து பெற்றார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக 1948 ஜூனில் அவர் அறிவித்தார். மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் உருவானதே.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி., ஹெட்ரசான் என்ற பெயரில் 1947இல் அறிமுகமாயிற்று. 2016இல் அந்நோயை ஒழித்ததற்கான உலக சுகாதார அமைப்பின் சான்றைப் பெற்ற இலங்கையும் அம்மருந்தைப் பயன்படுத்திய நாடே.

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகர், மிசௌரி மண்மாதிரியிலிருந்து பிரித்த நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்ததும் இதே கூடத்தில்தான். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1994இல் சூரத்தில் பிளேக் அச்சம் பரவியபோது மக்கள் தேடி ஓடியது இக்குடும்ப மாத்திரைகளைத்தான்.

தொழிற்சாலை ஆராய்ச்சி குழுவாக நடப்பது. கட்டுரைகளில் சக ஊழியர்களின் பெயர்களே முன்னின்றன. இயக்குநரின் பெயர் பலவற்றில் இல்லை. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்காதது குறித்து இன்றும் ஆதங்கப்படுவோர், இக்காரணத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1948 ஆகஸ்டில், 53 வயதில் மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். ஆரியோமைசின் விற்பனைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது அதே ஆண்டு டிசம்பரில். பாஸ்டனுக்குக் கப்பலேறிய பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி அவரை மீண்டும் காணவில்லை. அவர் புறப்பட்ட பின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.