மூன்று பெண்களின் சாவு. ஒரு பெண்ணின் முடிவு!

வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா அம்மையார்

வைகை பிறக்கும் வருசநாட்டு மலையில் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் மருத்துவச்சிதான் கதி. குழந்தை குறுக்கே கிடந்தால், டோலி கட்டி மலையிலிருந்து இறக்கவேண்டும். பாதி வழியிலேயே உயிர் போய்விடுவதும் உண்டு.

இப்படிப்பட்ட துயரத்தை ஒரே இரவில் மூன்று முறை கண்டார் ஓர் அமெரிக்கப் பெண். அந்த இரவு அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

வரமாட்டேன் என்றவர்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர், கிறிஸ்தவ ஊழியர். தாத்தாவும் டாக்டர்தான். 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமி ஐடா கண்ணால் பார்த்தார். பட்டினியால் எலும்பும் தோலுமான குழந்தைகளின் முகம் அவர் மனதை விட்டு அகலவில்லை. பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். இனி இந்தியாவில் வாழ வரமாட்டேன் என்று உறுதி செய்துகொண்டார். நல்ல ஊர், நல்ல வீடு, நல்ல கணவன் என்று எல்லாப் பெண்களையும்போல அவரும் கனவு கண்டார்.

1890-ல் தாயார் நோயில் விழுந்தார். அவருக்குப் பணிவிடை செய்யத் திண்டிவனம் வந்தார் ஐடா. தாய்க்குக் குணமானதும் திரும்பிவிடுவது என்பதே எண்ணம்.

கதவைத் தட்டிய மூவர்

ஒருநாள் இரவு, ஒரு பிராமண வாலிபர் வந்தார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வந்து காப்பாற்றவேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. ஆண் டாக்டர் தன் மனைவியைத் தொடக்கூடாது என்று சொல்லி வந்தவர் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னோர் இந்து வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு!

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஜெபத்தில் இருந்து எழுந்த ஐடா, பெற்றோரிடம் தன் முடிவைச் சொன்னார். டாக்டருக்குப் படித்து, இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வருவது என்பதே அந்த முடிவு.

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார். அந்த ஆண்டே தந்தை காலமானார். துணை நின்று வழிகாட்ட வேண்டியவர் போய்விட்டார்.

ஐடா அஞ்சவில்லை. வீட்டு அறையிலேயே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் ஜனங்கள் வரப் பயந்தார்கள். பிறகு அலை அலையாக வந்தார்கள். அமெரிக்கச் செல்வர் ஒருவர், இறந்த தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10 ஆயிரம் டாலரில் 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

வரமுடியாத நோயாளிகளைத் தேடி ஐடாவே போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடிதான் ஆஸ்பத்திரி! முதலில் மாட்டுவண்டி, 1909-ல் மோட்டார் கார். பிசாசு வருகிறது என்று அதைக் கண்டு ஓடியவர்களும் உண்டு. நாளடைவில் அவர்களே சாலையோரம் காத்து நின்றார்கள்.

பெண்கள் டாக்டர் ஆனார்கள்

தான் ஒருத்தி எத்தனை உயிரைக் காப்பாற்ற முடியும் என்று சிந்தித்தார் ஐடா. இந்தியப் பெண்களே டாக்டராக வேண்டும் என்றார். சிலர் சிரித்தார்கள். ஆறு பேர் விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்றார் ஓர் அதிகாரி. வந்தவை 151 விண்ணப்பங்கள்!

1918-ல் பெண்கள் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் ஆண்டுப் பரீட்சையில் அவருடைய 14 மாணவிகளும் தேறினார்கள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதுமையில் வந்த சோதனை

1938-ல் பேரிடி விழுந்தது. சர்க்கார் சட்டம் மாறியது. பள்ளியைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர்த்தவேண்டும், இல்லையேல் மூடவேண்டும். அதற்கு ஏராளமான பணம் தேவை.

எழுபது வயதில் ஐடா மீண்டும் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராக நிதி கேட்டார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தது. பெண்களுக்காகவே எழுப்பிய கல்லூரி அது. நெடுநாள் துணை நின்ற தோழியே எதிர்த்தார். ஐடா மனம் நொந்தார். ஆனாலும், தன் கனவைவிட நோயாளிகளே பெரிது என்று சம்மதித்தார். 1947 முதல் ஆண்களும் சேர்ந்து படித்தார்கள்.

1946-ல் ஓய்வு பெற்ற ஐடா, பொறுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரசிடம் அது போய்ச் சேர்ந்தது. கோடைக்கானல் வீட்டில் முதுமையைக் கழித்து, 1960 மே மாதம், 89-வது வயதில் காலமானார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

நமக்குப் பாடம்

தவறான பிடிவாதத்தைக் கைவிடுவது இழுக்கல்ல. ஒரு கட்டிலோடு தொடங்கினாலும் நல்ல காரியம் வளரும். வளர்ந்த பிறகு, அது தன்னுடையது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஐடா அம்மையார் வாழ்ந்து காட்டிய பாடங்கள் இவை.

வருசநாட்டுக்குச் சாலை பிரியும் கண்டமனூர் விலக்கில் இன்று அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆகவே தாய்மார்களே, வலி கண்ட பெண்ணைக் காலம் தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் படிக்கிற பெண் இருந்தால், போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். நாளை ஒரு தாயைக் காப்பாற்றப் போகிற டாக்டர் அவளாகவும் இருக்கலாம்!