தடம் பார்த்துச் சொன்ன பிபா அம்மா

எனக்கு ஊர் குரங்கணி. நான் பத்தாவது வரைதான் படிச்சவள். என் மக இப்போ பத்தாவது முடிச்சிட்டு அறிவியல் குரூப் கேட்கிறா. பொம்பளப் புள்ளைக்கு இயற்பியல் எதுக்குன்னு சொந்தக்காரங்க கேட்கிறாங்க. அதனால இந்த மலருக்கு பிபா சௌத்ரி அம்மாவைப் பத்தி எழுதுறேன்.

அவர் 1913-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1936-ல் அங்கே இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தபோது வகுப்பில் அவர் ஒருத்தர்தான் பெண். ஆராய்ச்சி செய்ய டி.எம்.போஸ் என்ற பேராசிரியரிடம் போனார். பெண்ணுக்கு ஏற்ற வேலை இல்லையே என்று அவர் முதலில் தயங்கினார். இந்த அம்மா விடவில்லை, கேட்டு வாங்கிச் சேர்ந்தார்.

வானத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் வந்துகிட்டே இருக்கு. அதை காஸ்மிக் கதிர்னு சொல்றாங்க. அது காற்றில் இருக்கிற அணுவின் நடுக்கருவில் மோதினால் கரு சிதறும், புதுசு புதுசாத் துகள்கள் பிறக்கும். உயரமான மலையில்தான் இதை நல்லாப் பிடிக்க முடியும். அதனால் போட்டோ மருந்து பூசின கண்ணாடித் தகடுகளை டார்ஜிலிங்கிலும், அதுக்கும் மேலே சந்தக்பூ மலையிலும் மாசக்கணக்கில் வைத்தார்கள். சந்தக்பூ 3,600 மீட்டருக்கு மேல். நம்ம டாப் ஸ்டேஷனைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரம்.

துகள் போன வழி தகட்டில் கோடாக விழும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பாதையில் தடத்தைப் பார்த்தே காட்டுமாடா, மிளாவான்னு நாம சொல்றோம் இல்லையா? அதே மாதிரி அந்தக் கோட்டை வைத்து, எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு எடையுள்ள துகள் இது என்று கணக்குப் போட்டார்கள். பேராசிரியரும் அவரும் சேர்ந்து எழுதியது நேச்சர் இதழில் வந்தது.

அப்போது உலகப் போர் நேரம். இன்னும் துல்லியமாகப் பார்க்க நல்ல தகடு வேண்டும். அது இங்கே கிடைக்கவில்லை. வேலை அதோடு நின்றது. பிறகு இங்கிலாந்தில் பாவெல் என்பவர் நல்ல தகடுகளை வைத்து இதே வழியில் கண்டுபிடித்தார். 1950-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிபா அம்மா சோர்ந்து உட்காரவில்லை. மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1949-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவர்தான். கோலார் தங்கச் சுரங்க ஆராய்ச்சியிலும் பங்கெடுத்தார். 1991-ல் காலமானார். 2019-ல் ஒரு நட்சத்திரத்துக்கு பிபா என்று பேர் வைத்தார்கள்.

அவருக்கு அறிவு குறையவில்லை, உழைப்பு குறையவில்லை. குறைஞ்சது ஒரு தகடுதான். நம்ம புள்ளைகளுக்கு அப்படி ஒரு பொருள் குறையக் கூடாது. அதுக்குத்தானே நம்ம குழுவும் சேமிப்பும் இருக்கு! என் மக போடிக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கட்டும். புத்தகத்துக்கும் டியூஷனுக்கும் குழுவில் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன்.